வேனுக்குப் பின்னால் இருந்த எழுத்துகள்

கண்ணாடிக்காரருக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. மூக்குதான் நிற்கும். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் ஒரு கணம் விழிப்பார். பார்வை மூக்குத்தண்டுக்கு இறங்கியதும் முகம் மலர்ந்து, "அடடே, நீங்களா! இடது பக்கம் இன்னும் அழுத்துதா?" என்று குசலம் விசாரிப்பார். ஒருமுறை ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்த மாமனாருக்கே, யாரோ பெரியவர் என்று எழுந்து இடம் கொடுத்துவிட்டு நகர்ந்து போய்விட்டார். மாமனார் அன்று கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்ததுதான் காரணம். மாமனார் அதை இன்றுவரை மறக்கவில்லை.

உலகத்தில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, பவர் சரியில்லாததால் நடப்பவை என்பது அவருடைய சித்தாந்தம். உப்புக்குப் பதில் சர்க்கரை போடுவதிலிருந்து நாடுகளுக்கிடையே போர் மூள்வதுவரை எல்லாம் அதில் அடக்கம். இதை அவர் நிரூபித்ததில்லை. நிரூபிக்காத நம்பிக்கைகள்தான் நீண்ட நாள் உழைக்கும்.

அவருடைய கண்ணாடிக் கடை பத்தடி நீளம். கண் சோதிக்க இருபதடி வேண்டும். அதனால் நாற்காலிக்கு மேலே, பின்சுவரில், எழுத்துகள் இடவலம் திரும்பி அச்சான சார்ட் ஒன்று தொங்கியது. எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. உட்காருபவர் எதிரே பார்த்தால் எழுத்துகள் நேராகத் தெரியும். தூரமும் போய்த் திரும்பி இருபதடி ஆகிவிடும். கண்ணாடிக்காரர் சார்ட்டுக்குப் பக்கத்தில் நின்று, திரும்பிப் பாராமலே குச்சியால் பின்புறம் தட்டுவார். இருபது வருடப் பழக்கம். குச்சி தானே போய்ச் சரியான எழுத்தில் நிற்கும்.

அவர் ஒன்பது வயதிலிருந்தே கண்ணாடி போட்டவர். அதை யாரையும் தொட விடமாட்டார். படுக்கும்போது பெட்டியில் வைத்துத் தலையணை உறைக்குள் செருகிக்கொள்வார். எண்களில் புலி, பவர் சீட்டை ஒரு பார்வையில் மனப்பாடம் செய்வார். ஆனால் வீட்டுக்கு வரும் கடிதங்களை மனைவிதான் வாசித்தாக வேண்டும். "நாள் முழுக்க ஊரார் கண்ணோட மல்லுக்கட்டுறேன். என் கண்ணுக்கு ஓய்வு வேண்டாமா?" என்பார்.

மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். பதினெட்டுக் குழந்தைகளின் கூச்சலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நெரிசலில் வண்டி ஓட்டிப் பழகியதால், கணவர் பேசுவது அவளுக்குத் தென்றல் மாதிரி. இரண்டு பெண்கள். மூத்தவள் மூன்றாம் வகுப்பு. பேச ஆரம்பித்தால் தெருக்கோடிவரை கேட்கும் என்பதால் அவளுக்கு மைக் என்று பெயர். இளையவள் இரண்டாம் வகுப்பு. அக்கா சொன்னதையே கொஞ்சம் தாமதமாகத் திருப்பிச் சொல்வதால் அவள் எதிரொலி.

ஒருநாள் மைக்கின் வகுப்பு டீச்சர் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். டீச்சரின் கண்ணாடி இடப்பக்கம் மேலேறி, வலப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கை துறுதுறுத்தது.

"சார், உங்க பொண்ணு வாயத் திறந்தா வானொலி. புஸ்தகத்தத் திறந்தா கல்லு. ஒரு வரி வாசிக்கல."

"டீச்சர், ஒரு நிமிஷம் கழட்டிக் குடுங்களேன்."

"எதை?"

"கண்ணாடிய. காம்பு வளைஞ்சிருக்கு."

டீச்சர் கழற்றிக் கொடுத்தார். வேறு வழியில்லை; கண்ணாடிக்காரர் கை நீட்டிக்கொண்டே நின்றார். சட்டைப்பையிலிருந்து குட்டித் திருகாணிக் குறடு வந்தது. கண்ணாடியில்லாத டீச்சர், அவர் இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்துத் தொடர்ந்து பேசினார்.

"எல்லாம் சோம்பேறித்தனம் சார். மூணு வாரத்துல வாசிப்புத் தேர்வு. ஒரு பக்கம் வாசிச்சாகணும். இல்லன்னா அடுத்த வருஷமும் இதே வகுப்புதான்."

குறடு நின்றது. "அப்ப சின்னவளும் இதே வகுப்புக்கு வந்துருவாளே?"

"ஆமா. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு."

விஷயம் வீட்டுக்கு வந்ததும் எதிரொலி குதித்தாள். "அக்கா, ஜன்னல் ஓரம் எனக்கு! இப்பவே சொல்லிட்டேன்!" என்று தன் பென்சில் பெட்டிகளில் ஒன்றை அந்த இடம் பிடிக்க ஒதுக்கியும் வைத்தாள். மைக் தட்டில் இருந்ததை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் சத்தம் இல்லாமல் ஒரு சாயங்காலம் கழிவது அதுதான் முதல்முறை. குழாய் சொட்டுவது கேட்டது.

"கண்ணுதான். சந்தேகமே இல்ல" என்றார் கண்ணாடிக்காரர். "என் பொண்ணு ஒருநாளும் பெஞ்சுல பின்தங்க மாட்டா. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் நாற்காலியில் உட்கார வைத்துச் சோதித்தார். மைக் மேல் வரியிலிருந்து கடைசிவரியின் கொசு எழுத்துகள்வரை கடகடவென்று ஒப்பித்தாள். ஒரு தவறில்லை. இப்படிப்பட்ட கண் அந்தக் கடைக்கு வந்ததேயில்லை.

"ரொம்ப நல்லா தெரியுது. அதான் சிக்கல்" என்றார் அவர். சித்தாந்தம் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு வசதி: எது நடந்தாலும் சாட்சியாகிவிடும். கூர்மை கூடிப்போய் எழுத்து கண்ணைக் குத்துகிறது என்று முடிவு செய்து, இளநீல நிறத்தில் ஒரு கண்ணாடி செய்து போட்டார். புத்தகத்தைப் பிரித்து வைத்தார். படத்தில் ஒரு குதிரை, ஒரு ஆறு.

மைக் படத்தைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். "ஒரு குதிரை ஆத்தங்கரையில நின்னு, இறங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுது. அதுக்கு நீச்சல் தெரியாது. ஆனா வெளிய சொல்ல வெக்கம்."

"அக்கா, 'குதிரை தண்ணீர் குடித்தது'ன்னுதான் போட்டிருக்கு" என்றாள் எதிரொலி.

"கதை இவ சொல்றதுதான் நல்லாருக்கு" என்றார் அப்பா, கவலையோடு.

நீலத்துக்குப் பிறகு இளஞ்சிவப்பு. அதற்குப் பிறகு பச்சை. குதிரை ஒவ்வொரு நிறத்திலும் ஒவ்வொரு விதமாகக் கஷ்டப்பட்டதே தவிர, ஒருமுறையும் தண்ணீர் குடிக்கவில்லை. மஞ்சள் கண்ணாடியோடு பெண் வந்து நின்றபோது மனைவி பொறுமையிழந்தாள்.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்லுவாங்க. நீங்க காமாலைய தயார் பண்ணியே மாட்டி விடுறீங்க. என்னங்க, அவ நம்ம வேன்ல பதினெட்டு பிள்ளைங்க இறங்குற இடத்தையும் வரிசையா சொல்லுவா. கேட்டுக் கேட்டு மனப்பாடம். ஆனா அதே லிஸ்ட கையில குடுத்தா, எனக்குத் தலை வலிக்குதுங்கறா. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே பெண்ணின் நோட்டைப் புரட்டியபோது, ஒரு எழுத்து இடவலம் மாறி எழுதியிருந்தது கண்ணில் பட்டது. கைக்குழந்தையாக இருந்தபோது அவளைக் கூடையில் போட்டு வைத்தது எங்கே? சார்ட்டுக்கு நேர் கீழே! கண் விழித்த நாள்முதல் அவள் பார்த்ததெல்லாம் திரும்பிய எழுத்துகள். பெற்ற அப்பனே பிள்ளையின் அகரவரிசையைக் கவிழ்த்துவிட்டான்.

அன்றே ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றிப் போர்வையால் சுற்றி வைத்தார். திரும்பிய சார்ட்டைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, நேர் எழுத்துச் சார்ட் ஒன்றை வரவழைத்தார். பார்சல் வந்ததும் பிரித்தார், ஆணியில் மாட்டினார். வாசித்துப் பார்க்கவில்லை. சார்ட்டை எதற்கு வாசிப்பது? மாட்டினால் போதாதா?

கண்ணாடி போனதும் தூரம் பத்தடியாகிவிட்டது. அதனால் சார்ட்டைக் கடை வாசலில் மாட்டி, நாற்காலியைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம், ரொட்டிக் கடை முன்னால் போட்டார். தெரு சரியாக இருபதடி அகலம்.

முதலில் வந்து உட்கார்ந்தவர் பஸ் கண்டக்டர். கண்ணாடிக்காரர் சார்ட்டுக்கு முதுகு காட்டி நின்று குச்சியால் தட்டினார்.

"மேல் எழுத்து?"

"ல!" என்று கத்தினார் கண்டக்டர்.

கண்ணாடிக்காரர் துயரத்தோடு தலையசைத்தார். மேல் எழுத்து 'ப' என்பது அவருக்கு இருபது வருடமாகத் தெரியும். "ரெண்டாவது வரி?"

"ன, த!"

'ட, ம' அல்லவா? "உங்களுக்கு எத்தனை நாளா இப்படி?"

"எப்படி? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பஸ் ஓட்டறது நீங்க இல்லையே?"

"டிக்கெட் மட்டுந்தான்."

"நல்லவேளை."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ரொட்டிக் கடைக்காரர், "எனக்கும் 'ல'ன்னுதாங்க தெரியுது" என்றார். ரொட்டி வாங்க வந்தவரும் அதையே சொன்னார். சைக்கிளில் போன ஒருவர் கால் ஊன்றி நின்று, யாரும் கேட்காமலே "ல" என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடிக்காரருக்கு வியர்த்தது. ஊருக்கே ஒரே நோய். தெருவோடு பரவுகிறது. ஒரே நாளில் பதினோரு பேருக்குப் பார்வை போய்விட்டது என்று குறித்துக்கொண்டார்.

பள்ளி விட்டு நடந்தே வந்த மைக்கை நாற்காலியில் ஏற்றினார். அன்று அவளுடைய அம்மாவின் வேன் வேறு தெருவுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. "சொல்லுமா கண்ணு. மேல?"

"ப!"

"சரி! அடுத்தது?"

"ட, ம!"

"சரி! பாத்தீங்களா?" அவர் குச்சியை உயர்த்தினார். "ஊருல நல்ல கண்ணு இவளுக்கு மட்டுந்தான் இருக்கு!"

கண்டக்டரும் ரொட்டிக் கடைக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது மனைவியின் மஞ்சள் வேன் தெருவுக்குள் நுழைந்து, வழக்கமான இடத்தில், அதாவது நாற்காலிக்கும் சார்ட்டுக்கும் நட்டநடுவில், வந்து நின்றது. மைக் நிறுத்தவில்லை.

"ய, க, வ!"

வேனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சரி!" என்றது அப்பாவின் குரல்.

"ர, ண, ச, ப!"

"சரி! சரி!"

மனைவி கதவைத் திறந்து இறங்கினாள். இந்தப் பக்கம் பெண்ணைப் பார்த்தாள். வண்டியைச் சுற்றிப்போய் அந்தப் பக்கம் கணவரைப் பார்த்தாள். பிறகு சார்ட்டைப் பார்த்தாள். கடைசியில் தன் வேனைப் பார்த்தாள். அது கண்ணாடியால் செய்ததல்ல.

"என்னங்க, முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறவங்கள பாத்திருக்கேன். ஒரு முழு வேன மறந்த ஆளுங்கள இப்பத்தான் பாக்கறேன். அவ எத வாசிக்கறா?"

"சார்ட்ட."

"வேன தொளைச்சுக்கிட்டா? சரி, அத விடுங்க. சார்ட்டுல 'ப'வே இல்லையே. திரும்பிப் பாருங்க."

இருபது வருடத்தில் முதல்முறையாக அவர் திரும்பிப் பார்த்தார். 'ல' பெரிதாக நின்றது. அதற்குக் கீழே 'ன', அதற்குப் பக்கத்தில் 'த'. எதிர்ப்பக்கத்தில் கண்டக்டர், போன பார்வை திரும்பி வந்தவர்போல, "அப்பாடா!" என்றார்.

வேனுக்குப் பின்னாலிருந்து மைக் தலையை நீட்டினாள். அகப்பட்டுக்கொண்டது அவளுக்குப் புரிந்துவிட்டது. உதடு பிதுங்கியது.

"கோவிச்சுக்காதீங்கப்பா. கடையில உக்காந்து தினமும் கேட்டேனா, அப்படியே வந்துருச்சு."

மனைவி வேனை ஓரமாக நகர்த்தினாள். அப்பா ரொட்டிக் கடைப் படியில் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எழுத்து மங்கலா தெரியுதா? ஆடுதா? தலைகீழா தெரியுதா?"

"எல்லாம் பளிச்சுன்னு தெரியுதுப்பா. அந்த 'ல' மேல ஈ உக்காந்திருக்கறதுகூட தெரியுது."

அவர் பார்த்தார். ஈ இருந்தது.

"அப்புறம் என்னம்மா?"

"அது என்ன சத்தம் போடும்னுதான் டக்குனு வரமாட்டேங்குது. மொத எழுத்தோட சத்தத்த தேடிப் புடிச்சு வெச்சுட்டு, ரெண்டாவத புடிக்கப் போறேன். திரும்பி வந்தா மொதலாவது ஓடிப் போயிருக்கு. எல்லாரும் ஒண்ணா சேத்து வெச்சிருக்காங்க, நான் மட்டும் தொரத்திக்கிட்டே இருக்கேன். நான் சோம்பேறி இல்லப்பா. எனக்குத்தான் கால் வலிக்குது."

ரொட்டிக் கடைக்காரர் உள்ளே போய் ஒரு பன் கொண்டுவந்து மைக் கையில் வைத்தார். கண்ணாடிக்காரர் அந்த 'ல'வையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துரத்தல் அவருக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

வேனில் வரும் பிள்ளை ஒன்றின் தாய், வாசிப்பில் தடுமாறும் குழந்தைகளுக்கென்றே பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியை. மனைவி அவரிடம் நேரம் வாங்கினாள். முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார். இரண்டும் பழுதில்லை என்று சீட்டு வந்தது. கண் டாக்டர் சொன்னதைக் கண்ணாடிக்காரர் சந்தேகத்தோடு ஏற்றுக்கொண்டார்.

சிறப்பு ஆசிரியை மைக்கோடு இரண்டு நாள் விளையாடினார். 'கப்பல்' என்ற சொல்லில் முதல் சத்தத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? 'மரம்' என்றால் எத்தனை சத்தம்? இல்லாத சொற்களை எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மனப்பாடம் அங்கே செல்லவில்லை. மூன்றாம் நாள் பெற்றோரைக் கூப்பிட்டார்.

"இது டிஸ்லெக்சியாவா இருக்கலாம்னு தோணுது. இன்னும் ரெண்டு மூணு சோதனை வெச்சுட்டுத்தான் உறுதியா சொல்ல முடியும். புத்தி நல்ல புத்தி. எழுத்தையும் சத்தத்தையும் இணைக்கற வேலை மட்டும் அவளுக்கு மெதுவா நடக்குது. முறையா, கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக் குடுத்தா வாசிப்பா. அவசரப்படுத்தக் கூடாது."

"நான் கடைச் சுவத்துல மாட்டுன முகக்கண்ணாடியால இல்லையா?" என்று கேட்டார் அப்பா.

"எந்த முகக்கண்ணாடி?"

அவர் விளக்கினார். ஆசிரியை சிரிப்பை அடக்க மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினார். "இல்லீங்க. திருப்பி எழுதறது சின்னப் பிள்ளைங்க நிறைய பேர் பண்றதுதான். கலர் கண்ணாடியாலயும் இது சரியாகாது. ஆமா, குடும்பத்துல வேற யாருக்காவது வாசிக்கறதுல சிரமம் உண்டா? இது சில வீட்டுல தொடர்ந்து வரும்."

"இவரோட சித்தப்பா!" என்றாள் மனைவி.

"இவ அண்ணன்!" என்றார் அவர்.

"எங்கண்ணன் வாசிப்பான். வாசிச்சத ஒத்துக்கத்தான் மாட்டான்."

இந்த வாக்குவாதத்தில் கண்ணாடிக்காரர் வியர்வை துடைக்கத் தன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மைக் சட்டென்று எடுத்து மாட்டிக்கொண்டாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். கண்ணாடியை மேலே தூக்கி ஒருமுறை, இறக்கி ஒருமுறை பார்த்தாள். கண்ணாடிக் கடைக்காரர் மகள் அல்லவா?

"அப்பா, இதுல ஒண்ணுமே இல்லையே. ஜன்னல் மாதிரி இருக்கு."

மனைவி வாங்கிப் போட்டுப் பார்த்தாள். ஜன்னல்தான். பன்னிரண்டு வருடக் குடும்பத்தில் அவள் அதைத் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒன்பது வயதில் வகுப்பில் வாசிக்கச் சொல்லும்போதெல்லாம் அடி விழும். ஒருநாள் குப்பையில் கிடந்த, பவரில்லாத ஒரு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு போனார். "பாவம், பையனுக்குக் கண்ணு சரியில்ல" என்று வாத்தியார் அடுத்தவனிடம் போய்விட்டார். அன்றிலிருந்து ஒருவரும் அவரை வாசிக்கச் சொல்லவில்லை. "கண்ணாடி போட்டா எல்லாம் சரியாயிரும்னு அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன். நாளடைவுல என் கண்ணுதான் மோசம்னு நானே பாதி நம்பிட்டேன்."

"அப்ப கடுதாசி எல்லாம் என்னை வாசிக்கச் சொன்னது, கண்ணுக்கு ஓய்வு இல்ல?"

"இல்ல."

"நல்ல ஆளுய்யா நீ" என்றாள் மனைவி. கோபமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. மைக் மட்டும் அப்பாவைப் புதிதாகப் பார்த்தாள். "அப்பா, உங்களுக்கும் ஓடிப் போகுமா?"

"ஓடும்மா. நான் தொரத்தறதையே விட்டுட்டேன்."

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சிறப்பு ஆசிரியை எழுதிக் கொடுத்த கடிதத்தோடு கண்ணாடிக்காரர் பள்ளிக்கூடம் போனார். மனைவி வேனோடு வெளியே இருந்தாள். டீச்சரின் கண்ணாடி மறுபடி கோணியிருந்தது. அவர் கை சட்டைப்பைக்குப் போகவில்லை.

"காரணம் சொல்லாத பெத்தவங்க கிடையாது சார்" என்றார் டீச்சர், கடிதத்தைத் தொடாமல். "கையில நோட்டு கட்டு கட்டா இருக்கு. என்ன எழுதியிருக்குன்னு நீங்களே வாசிங்க, கேட்டுக்கறேன்."

கடிதம் அரைப் பக்கம். கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்திருக்கலாம். கண் வலிக்கிறது என்றும் சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டு வருடம் அது பொய்க்கவில்லை. மைக் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மெதுவாத்தான் வாசிப்பேன் டீச்சர். பரவாயில்லையா?"

"இந்த... மா... மாண... மாணவி..." விரலை எழுத்துக்கு அடியில் வைத்து நகர்ந்தார். இரண்டாவது வரியில் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது வரியில் பேனாவை மூடினார். ஐந்தாவது வரியில் நோட்டுக் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவருடைய விரலைப் பார்க்கத் தொடங்கினார். நடுவில் மணியடித்தது, பிள்ளைகள் வாசலில் கூடினார்கள். ஒரு சொல்லில் அவர் சிக்கி, மூன்றுமுறை மோதினார்.

"'கூடுதல்'ப்பா" என்றாள் மைக், ஊருக்கே கேட்கும்படி. சிறப்பு ஆசிரியை அவளுக்கு அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டியிருந்தார். வாசிக்காமலே அது அவளுக்கு மனப்பாடம்.

"கூடுதல்... நேரம்... தரவும்" என்று முடித்தார். பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

டீச்சர் மூடிய பேனாவைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷம் எப்படி சார் சமாளிச்சீங்க?"

"ஜன்னல் மாட்டிக்கிட்டு."

டீச்சருக்குப் புரியவில்லை. ஆனாலும் கடிதத்தை வாங்கித் தலைமை ஆசிரியையிடம் போனார். திரும்பி வந்து சொன்னது இதுதான்: வாசிப்புத் தேர்வை மைக்குக்கு ஆறு மாதம் தள்ளி வைக்கலாம். அவள் அடுத்த வகுப்புக்குப் போகலாம். வாரம் மூன்று நாள் சிறப்பு ஆசிரியையிடம் போக வேண்டும். மற்றத் தேர்வுகளில் கேள்வியை யாராவது வாசித்துக் காட்டுவார்கள். சோம்பேறி என்று தான் சொன்னதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மைக்கின் தலையில் ஒருமுறை கை வைத்தார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம்தான்.

"ஏன் சார்," என்றார் புறப்படும்போது, "கண்ணாடி கோணலா இருக்கே, இன்னைக்குக் கண்ணுல படலையா?"

"படாம இருக்குமா டீச்சர்? குடுங்க, குடுங்க!" குறடு கைக்கு வந்துவிட்டது.

வேனில் செய்தி கேட்டதும் எதிரொலி ஓவென்று அழுதாள். ஒரே பெஞ்சு போச்சு. ஜன்னல் ஓரத்துக்கு ஒதுக்கிய பென்சில் பெட்டி வீண். பாதி வழிவரை அழுதுவிட்டு, "அப்ப நானும் மெதுவா வாசிச்சா அக்கா வகுப்புக்குப் போகலாமா?" என்று கேட்டாள். அம்மா ஹாரனை அழுத்தினாள்.

சார்ட் இப்போதும் கடை வாசலில்தான் தொங்குகிறது. நாற்காலி ரொட்டிக் கடை முன்னால். சாயங்காலங்களில் மைக் அதில் உட்கார்ந்து புதிய சார்ட்டை வாசிக்கிறாள். ஒரு வரிக்கு ஒரு வாரம். அப்பா குச்சியோடு நிற்கிறார். அவள் ஒரு எழுத்தைச் சொன்னதும் திரும்பிப் பார்க்கிறார், தானும் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார், பிறகுதான் "சரி" என்கிறார். கண்ணுக்குச் சோதனை செய்ய வந்தவர்கள் வரிசையில் நின்றபடி ரொட்டி வாங்கித் தின்கிறார்கள். குறுக்கே வண்டி எதுவும் நிற்காமல் கண்டக்டர் பார்த்துக்கொள்கிறார்.